பித்தப்பையில் ஒரு விருந்தாளி

"இது யாரோடது?" என்று கேட்டார் துறைத் தலைவர்.

ஆஸ்பத்திரியின் திசு ஆய்வகத்தில் மெழுகுக் கட்டி சீவிச் சீவியே மெழுகக்கா என்று பெயர் வாங்கியவள், நுண்ணோக்கியில் கண்ணை வைத்தாள். வட்ட வெளிச்சத்துக்குள் ஒரு பித்தப்பைத் துணுக்கு. கல் எடுக்க வந்த யாரோ ஒருவருடைய, ஒரு வம்புதும்புக்கும் போகாத, சாதுவான பித்தப்பை. அதன் ஓரத்தில், அழைப்பில்லாமல் பந்திக்கு வந்தவர் மாதிரி, இன்னொரு துண்டு சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தது. இளஞ்சிவப்பு நிறம், அடுக்கடுக்கான தடிமன். பித்தப்பைக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

"தெரியலையே சார்."

"தெரியலைன்னா எப்படி? வெட்டினது நீங்க. கண்ணாடியில எடுத்தது நீங்க."

சொல்லிக்கொண்டே சுட்டுவிரலை நீட்டினார். மற்றவர்கள் இரண்டு கையாலும் செய்யும் வேலையை அவர் அந்த ஒரு விரலாலேயே சொல்லி முடித்துவிடுவார். கொஞ்ச நாளாக அதில் ஒரு பிளாஸ்திரி வேறு. திசு சீவும் மைக்ரோடோம் கத்தி பதம் பார்த்துவிட்டதாம். அனுபவசாலிகளுக்கு இதெல்லாம் பதக்கம் மாதிரி என்று மாணவர்களிடம் காட்டியும் இருந்தார். அவர் மைக்ரோடோம் பக்கம் போயே பல வருஷம் ஆகிறதே, கத்தி எப்படி அவரைத் தேடிப் போய் வெட்டியது என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் அதற்கும் ஒரு மணிநேரம் விளக்கம் கிடைக்கும். அவருக்கு 'மைக்ரான்', அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு, என்று பட்டப்பெயர். எதையும் மெல்லிசாக வெட்டச் சொல்பவர், பேச்சை மட்டும் ஒருநாளும் அப்படி வெட்டியதில்லை.

"சாயங்காலத்துக்குள்ள இதுக்குச் சொந்தக்காரர் யாருன்னு தெரியணும். இல்லைன்னா நாளையிலிருந்து நீங்க கீழ்க் கிடங்கு."

கீழ்க் கிடங்கு என்பது, அறுவை அறையிலிருந்து வரும் உறுப்புகள் ஃபார்மலின் ஜாடிகளில் ஊறிக்கொண்டிருக்கும் நிலவறை. மெழுகக்காவுக்கு அந்த நெடி ஆகாது. முன்பு ஒருமுறை யாரோ விடுப்பில் போனார்கள் என்று ஒரு வாரம் அங்கே உட்கார வைத்தார்கள். கண் வீங்கி, மூக்கு சிவந்து வீட்டுக்கு வந்தவளைப் பார்த்து அவள் வீட்டுக்காரர் என்ன குற்றம் செய்தோம் என்று தெரியாமலேயே மன்னிப்புக் கேட்டார். அந்த ஒரு லாபத்தைத் தவிர அங்கே சொல்லும்படி எதுவும் இல்லை.

அவளுக்குப் பிடித்தது மேல்மாடி. திசுவை மெழுகில் பதித்து, கட்டியை ஐஸில் குளிரவைத்து, மூச்சை அடக்கிக்கொண்டு சீவினால், சீவல் தூளாகப் பறக்காமல் நாடாவாக வரும். அதை வெதுவெதுப்பான தண்ணீர்த் தொட்டியில் மிதக்கவிட்டால் சுருக்கமெல்லாம் நீங்கும். கண்ணாடித் தகட்டால் அள்ளிக் கொடுத்தால், பக்கத்து மேஜையில் சாயக்காரர் நிறமேற்றித் தருவார். அவர் அவளைவிட இரண்டு வயது இளையவர். வருஷம் முழுவதும் சிவந்த விரல்களோடு திரிவதால், பஸ்ஸில் பக்கத்துச் சீட்டில் உட்கார ஆட்கள் யோசிப்பார்கள்.

சுவரெங்கும் 'அன்றாட வேலைக்கு உகந்த யோசனைகள்' என்ற தலைப்பில் தலைவரின் கையொப்பத்தோடு சட்டங்கள் தொங்கின. பேனாவால் எழுதாதீர்கள், தகடு கழுவும் சாராயத்தில் கரைந்துவிடும், பென்சிலால் எழுதுங்கள் என்று ஒன்று. எலும்பை அவசரப்பட்டு வெட்டாதீர்கள் என்று இன்னொன்று. எல்லாம் நல்ல யோசனைகள்தாம். பாதி மெழுகக்காவே எப்போதோ அவரிடம் சொன்னவை, சட்டம் போட்டுக்கொண்டு திரும்பி வந்திருந்தன. அவரே சொந்தமாக யோசித்தது ஒன்று உண்டு. அனுபவமுள்ள விரலுக்கு முன்னால் வெப்பமானி எதற்கு என்பது அது. தினமும் காலையில் பிளாஸ்திரியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, தொட்டியில் விரலை விட்டுத் துழாவி, "அரை டிகிரி கூட" என்று திருகைத் திருப்பிவிட்டுப் போவார். அவர் தலை மறைந்ததும் மெழுகக்கா அதைப் பழைய இடத்துக்குக் கொண்டு வருவாள். அன்றும் அப்படித்தான் வேலை தொடங்கியது.

பயம் ஒருபக்கம் இருந்தாலும் அவளுக்கு அந்தத் துண்டின் மேல் ஒரு கண் விழுந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் எத்தனையோ திசு பார்த்தாயிற்று. இது எந்த ஊர்க்காரன்?

முதலில் அதே மெழுகுக் கட்டியிலிருந்து இன்னொரு சீவல் எடுத்துப் பார்த்தாள். சுத்தமான பித்தப்பை, விருந்தாளியைக் காணோம். சந்தோஷமாகத் தலைவரிடம் கொண்டுபோய்க் காட்டினாள்.

அவரும் சந்தோஷப்பட்டார். "அப்போ கட்டியில இல்ல. உங்க தண்ணித் தொட்டியிலதான் இருந்திருக்கு. நீங்களே நிரூபிச்சிட்டீங்க."

தப்பிக்கப் போனவள், குற்றத்தை ஒப்புக்கொண்டு திரும்பி வந்த கணக்காயிற்று.

தொட்டியில் இருந்ததென்றால் காலையில் வெட்டிய வேறு யாருடையதாகவோ இருக்க வேண்டும். பயிற்சிக்கு வந்திருந்த சின்ன டாக்டரம்மாவைத் துணைக்கு அழைத்துக்கொண்டு அன்று வெட்டிய தகடுகளையெல்லாம் பரப்பினாள். குடல்வால், தொண்டைச் சதை, கருப்பை என்று ஒவ்வொன்றாக அந்தத் துண்டுக்குப் பெண் பார்ப்பதுபோல் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். ஒரு பொருத்தமும் இல்லை.

இதையும் போய்ச் சொன்னாள். தலைவர் வெகுநேரம் நுண்ணோக்கியில் குனிந்திருந்தார். நிமிர்ந்தபோது முகத்தில் கோபம் ஒதுங்கி நின்று வேறொன்றுக்கு வழி விட்டிருந்தது. இந்தக் கட்டடத்துக்கே வராத ஒருவருடைய திசு, உலகத்தில் இதுவரை யாரும் விவரிக்காத திசு என்று முணுமுணுத்தார். சாயங்காலம் கருத்தரங்க அறையில் எல்லாரும் கூட வேண்டும், அறுவை டாக்டர்களையும் கூப்பிடுங்கள் என்றார்.

"அப்போ கிடங்கு, சார்?"

"அது தனி. கண்டுபிடிப்பு என்னோடது. கவனக்குறைவு உங்களோடது."

அந்த நேரம் பார்த்துத் தொலைபேசி அடித்தது. தலைவரின் மனைவி. அவர் கைப்பேசியை எடுப்பதே இல்லை என்று குறைப்பட்டுக்கொண்டு, "மருந்து போட்டாரான்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்கம்மா. விட்டுட்டார்னா திரும்ப முதல்ல இருந்து ஆரம்பிக்கணும்" என்றார். மெழுகக்கா தலைவரிடம் கேட்டாள். போட்டாச்சு போட்டாச்சு என்று சொல்லச் சொன்னார், ஈ விரட்டுவதுபோல். இந்தக் கத்து கத்துகிறவருக்கு ரத்த அழுத்தம் இல்லாமல் இருந்தால்தான் அதிசயம் என்று அவள் நினைத்துக்கொண்டாள். சாயங்காலம் தானே வந்து அவரைக் கூட்டிப்போவதாகச் சொல்லி அந்த அம்மாள் போனை வைத்தார்.

"அக்கா, நம்ம விரல் தோலா இருக்குமோ?" என்றார் சாயக்காரர்.

அது நல்ல யோசனை. விரல் தோல் உதிர்ந்து தகட்டில் ஒட்டுவது எல்லா ஆய்வகத்திலும் நடப்பதுதான். இருவரும் தங்கள் விரல்களைத் தகட்டில் அழுத்தி, நிறமேற்றிப் பார்த்தார்கள். பூ இதழ் மாதிரி மெல்லிய செல்கள் ஒன்றிரண்டு கிடந்தன. விருந்தாளியோ செங்கல். மனுஷத் தோல் இவ்வளவு மொத்தமாக உதிர வாய்ப்பே இல்லை என்று சின்ன டாக்டரம்மா தீர்ப்பு சொல்லிவிட்டாள்.

சாயக்காரர் கொஞ்சம் நெளிந்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, காலையில் பசி தாங்காமல் தொட்டிப் பக்கம் நின்று ஒரு வாய் கோழி சாப்பிட்டதாகச் சொன்னார்.

"இங்கயா? அதுக்கும் ஒரு சட்டம் மாட்டியிருக்கே மேல."

"அதைப் படிச்சுக்கிட்டேதான் சாப்பிட்டேன்."

வேறு வழியில்லை. அவருடைய டப்பாவிலிருந்து வறுத்த கோழித்தோல் ஒரு துண்டு எடுத்து, அவசரத் திசுக்களை உறையவைக்கும் இயந்திரத்தில் வைத்து, வெட்டி, நிறமேற்றினார்கள். தொழில் சுத்தம் விடுமா? மெழுகக்கா தகட்டின் நுனியில் பென்சிலால் 'கால்' என்று எழுதினாள். பார்ப்பதற்குள் யாரோ கூப்பிட, இருவரும் அந்தப் பக்கம் போய்விட்டார்கள்.

திரும்பி வந்தால் சின்ன டாக்டரம்மா வெளிறிப்போய் நிற்கிறாள். அறுவை அறையிலிருந்து வந்த அவசரத் தகடு என்று நினைத்து அதைப் பார்த்துவிட்டாளாம்.

"இந்தக் கால் முழுக்க வெந்துபோயிருக்கு. நோயாளி எப்படி இருக்கார்?"

"அவரு போய்ச் சேர்ந்து ரெண்டு நாளாச்சு டாக்டர்" என்றார் சாயக்காரர். "பாதி என் டப்பாவுல இருக்கார்."

ஆனால் அதற்குள் அவள் அறுவை அறைக்குப் போன் செய்திருந்தாள். அறுவை டாக்டர் தலைவருக்குப் போன் செய்திருந்தார். தலைவர் விரலோடு வந்து நின்றார். கோழியும் விருந்தாளி இல்லை என்பதை நுண்ணோக்கியில் உறுதி செய்துகொண்ட பிறகுதான் திட்டவே ஆரம்பித்தார். கிடங்குக்கு இனி இரண்டு நாற்காலி என்று சொல்லிவிட்டுப் போனார்.

சாயங்காலம் கருத்தரங்க அறை நிரம்பியிருந்தது. மெழுகக்காவும் சாயக்காரரும் கடைசி வரிசையில், தண்டனை கேட்க வந்தவர்கள் மாதிரி உட்கார்ந்தார்கள். கைப்பையோடு வந்த ஓர் அம்மாள் இடம் தேடி மெழுகக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து, "இன்னும் முடியலையா? அப்புறம் ஒரு வீட்டுக்குப் போகணும்" என்று கிசுகிசுத்தார். போனில் கேட்ட குரல்.

விளக்கு அணைந்தது. திரையில் விருந்தாளி, சுவர் அளவுக்கு. தலைவர் வெளிச்சத்துக்குள் வந்து சுட்டுவிரலை நீட்டினார். அதன் நிழல் ஓர் உலக்கை கனத்துக்குத் திரையில் ஏறியது.

"இந்தத் தடிமனைப் பாருங்க. ஒரு நாள்ல வந்ததில்ல. மாசக்கணக்கா, யாரும் தட்டிக் கேக்காம வளர்ந்திருக்கு. மேலெல்லாம் வெறும் மரத்துப்போன அடுக்கு, உயிர் இருக்கறதுக்கான அடையாளமே இல்ல. எந்த வேலையும் செய்யாது. தன் இடத்துல இருக்காம, சம்பந்தமில்லாத இடத்துல போய் விழுந்து, அங்க இருக்கறவங்க வேலையையும் கெடுக்கும்."

அறுவை டாக்டர் ஒருவர் இருமினார். மாணவர்கள் குறிப்பெடுத்தார்கள். மெழுகக்காகூட ஒரு நிமிஷம் கிடங்கை மறந்து முன்னால் சாய்ந்தாள். அது என்ன என்று இவராவது சொல்லிவிட்டால், கண் எரிந்தாலும் தூக்கமாவது வரும்.

பக்கத்திலிருந்த அம்மாள் திரையைப் பார்க்கவில்லை. கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, பிளாஸ்திரி இல்லாத தலைவரின் விரலையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது என்னன்னு உலகம் முடிவு பண்ணட்டும்" என்றார் தலைவர். "ஆனா இதை என் ஆய்வகத் தொட்டிக்குள்ள கொண்டுவந்து போட்டது யாரா இருந்தாலும் சரி, பெரியவங்க சின்னவங்க பாக்க மாட்டேன், நாளைக் காலையில இருந்து கீழ்க் கிடங்கு. எல்லார் முன்னாலயும் சொல்றேன். ஏதாவது கேள்வி இருக்கா?"

கடைசி வரிசையில் அந்த அம்மாள் எழுந்து நின்றார். முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

"ஏங்க, உங்க விரல்ல இருந்த மரு உதிர்ந்துடுச்சுங்க. மருந்தை விடாம போட்டா தானா விழும்னு டாக்டர் சொன்னாரில்ல? காலையில பிளாஸ்திரி சுத்திவிடும்போதுகூட ஆடிக்கிட்டு இருந்துச்சே, எங்கங்க போய் விழுந்துச்சு?"