அரக்கு வைத்த சுருதி

நாலு பேர் சேர்ந்து ஊதும்போது சுருதி சேரவில்லை என்றால், ஒவ்வொருவனும் மற்ற மூன்று பேரைத்தான் முறைப்பான். எழுபதுகளின் கடைசியில் கொச்சி மட்டாஞ்சேரி பேண்டு செட் ஒன்றில் டிரம்பெட் ஊதிய நான் அதற்கும் ஒரு படி மேல். சுருதி சேரவில்லை என்பதே எனக்குத் தெரியாது. (நானே கற்றுக்கொண்ட வித்தை. திட்டுவதற்கு வாத்தியார் கிடையாது.)

டிரம்பெட்டில் வளைந்த குழாய் ஒன்று உண்டு. வெளியே இழுத்தால் சுருதி இறங்கும். உள்ளே தள்ளினால் ஏறும். வெயிலில் பித்தளை சூடானால் சுருதி ஏறும், மழையில் இறங்கும் என்று சொல்லி, எங்கள் பேண்டு மாஸ்டர் தேவசிச் சேட்டன் ஒவ்வொரு தடவையும் கிளாரினெட்டைக் கேட்டு அதை நகர்த்தச் சொல்வார். தினம் மாறுவதற்கு இது என்ன மீன் விலையா என்று எனக்கு எரிச்சல்.

பகலில் எனக்கு மிளகுக் கிடங்கில் வேலை. சாம்பிள் பொட்டலங்களுக்கு அரக்கு உருக்கி முத்திரை வைக்க வேண்டும். ஒரு நாள் உச்சி வெயிலில் கிடங்கு முற்றத்தில் ஊதினேன். பக்கத்து வீட்டு ஆர்மோனியத்தோடு அப்படி ஒரு பொருத்தம். கிடைத்த சுருதியை விடக் கூடாதென்று குழாயின் இரண்டு பக்கமும் அரக்கு ஊற்றி, கம்பெனி முத்திரையும் குத்தினேன். இனி ஆயுசுக்கும் கவலையில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை சுள்ளிக்கல்லில் ஒரு தமிழ்க் கல்யாணம். கல்யாணப் பெண்ணின் தங்கை ராஜத்தை எங்கள் வீட்டில் எனக்குக் கேட்டிருந்தார்கள். "பையன் ஊதறதைப் பார்த்துட்டுச் சொல்றேன்" என்று அவள் அப்பா முடிவை அன்றைக்கு ஒத்திப்போட்டிருந்தார். காலையிலிருந்து மழை.

மாப்பிள்ளை வாசலுக்கு வந்தார். ஊதினோம். என் டிரம்பெட் மட்டும் வேறு ஏதோ கல்யாணத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. மற்றவர்கள் என்னைக் கேட்டுத் திருந்தட்டும் என்று இன்னும் பலமாக ஊதினேன்.

தேவசிச் சேட்டன் கையைத் தூக்கி எல்லோரையும் நிறுத்தினார். "எடா, நீ கீழே நிக்கறே. குழாயை உள்ளே தள்ளு."

"முடியாது சேட்டா. சீல் வெச்சிருக்கேன்."

"என்ன வெச்சிருக்கே?"

காட்டினேன். கிளாரினெட் பாப்பச்சன் குனிந்து முத்திரையைப் படித்தான். "முதல் தர மிளகாக்கும், சேட்டா."

"மோனே, சுருதி உன் குழாயிலே இல்லடா. பக்கத்திலே நிக்கறவன்கிட்டே இருக்கு" என்றார் தேவசிச் சேட்டன். அவர் டிரம்பெட்டைப் பிடிக்க, பாப்பச்சன் குழாயைத் தள்ள, என் பங்குக்கு நான் அசடு வழிந்தேன். கம்பெனி அரக்கு நல்ல அரக்கு. மாப்பிள்ளை சாரலில் நனைந்துகொண்டிருந்தார். ராஜத்தின் அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வாசலில் ஆரத்தித் தட்டோடு ராஜம் நின்றிருந்தாள். தட்டில் வெற்றிலை மேல் கற்பூரம் எரிந்தது. அவள் மாப்பிள்ளையைச் சுற்றிக்கொண்டு வந்து, தட்டை என் டிரம்பெட்டுக்குக் கீழே பிடித்தாள்.

"சீக்கிரம். கற்பூரம் அணைஞ்சிடும்."

பின்னால் நின்ற பெரியவர் ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அரக்கு உருகி ஆரத்தித் தண்ணீரில் சொட்டியது. குழாய் உள்ளே போனது. பாப்பச்சனைக் கேட்டபடி சன்னமாக ஊதினேன். என் சத்தம் எனக்கே தனியாகக் கேட்கவில்லை. (சுருதி சேர்வது என்றால் அதுதானாம்.)

"இவ்வளவு பிடிவாதக்காரனுக்கு எப்படிம்மா உன்னைக் கொடுக்கிறது?" என்றார் அவள் அப்பா.

"எப்படி உருக்கணும்னுதான் தெரிஞ்சுபோச்சேப்பா" என்றாள் ராஜம்.

இன்றைக்கும் ஏதாவது ஒன்றில் நான் நகர மாட்டேன் என்று நின்றால், அவள் சண்டை போடுவதில்லை. சமையலறையிலிருந்து ஒரே கேள்வி: "கற்பூரம் கொண்டு வரட்டுமா?"

அதற்குள் பேத்தி தீப்பெட்டியோடு வந்து நின்றிருப்பாள்.