பசி தீராத எட்டு மீன்கள்

"பாவிகளா, ஒரு இலையையாவது விட்டு வைக்கக் கூடாதா?" தொட்டியின் முன்னால் மண்டியிட்டு அடெமார் கெஞ்சினான்.

கடைக்காரர் கொடுத்த தண்ணீர்ச் செடிகளை நட்டு அரைமணி நேரம்கூட ஆகவில்லை. வெள்ளிக்காசு மீன்கள் எட்டும் அவன் கண்ணெதிரிலேயே விருந்தை முடித்துவிட்டன. மிச்சம், மொட்டைக் காம்புகளும் செடி மிதக்காமலிருக்க அடியில் மாட்டியிருந்த மண் வளையங்களும்தான்.

ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம். யாரையும் கடிக்காத சாதுக்கள். ஆனால் மனாவுஸ் நகரத்தில் இந்தச் சாதி மீனைப் பொரித்து, எலுமிச்சை பிழிந்து, மரவள்ளி மாவோடு சாப்பிடுவதுதான் வழக்கம். நடுக்கூடத்தில் வைத்துக் கொஞ்சுகிறவன் அடெமார் ஒருவன்தான். துறைமுகக் கிடங்கிலிருந்து அவன் வீடு திரும்பினால், திரும்பிப் பார்க்கிற ஜீவன்கள் அந்த வீட்டில் அந்த எட்டுதான்.

வீடு மாமியாருடையது. தோனா ஜுராசி இடுப்பில் கைவைத்துக்கொண்டு தொட்டியைப் பார்த்தாள்.

"மாப்பிள்ளை, செடியோட இருந்தா அது அலங்காரம். வெறும் தண்ணில இருந்தா அது சமையல். தெருவே சிரிக்குது. சனிக்கிழமை வரைக்கும் பாப்பேன். பச்சை இல்லேன்னா எண்ணெய் காய வச்சிடுவேன்."

"அத்தை, அதுங்க என் புள்ளைங்க மாதிரி."

"அப்படியா? உப்பு கொஞ்சம் கம்மியா போடறேன்."

அடெமார் கடைக்கு ஓடினான். கடைக்காரர், "வயிறு நிறைஞ்சிருந்தா செடியைத் தொடாதுங்க. கீரை போடுங்க சார்" என்றார்.

கீரைக்கு எங்கே போவது? கொல்லையில்தான் ஒரு பாத்தி இருந்தது. மாமியாரின் ஜாம்பு கீரை. தெருமுனையில் தினமும் சாயங்காலம் அவள் விற்கும் டக்காக்காவுக்கு உயிரே அதுதான். சுரைக்குடுக்கையில் புளித்த மரவள்ளிச் சாறு, உலர்ந்த இறால், மேலே அந்தக் கீரை. ஒரு வாய் வைத்தால் நாக்கு விறுவிறுவென்று மரத்துப்போக வேண்டும். இல்லாவிட்டால் வாடிக்கையாளர்கள் அடிக்க வந்துவிடுவார்கள்.

விடியற்காலையில் அடெமார் இரண்டு கைப்பிடி திருடினான். மீன்கள் மூக்குப்பிடிக்கத் தின்றன. புதுச் செடிகளை நட்டான். மீன்கள் அவற்றைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வெற்றி! விசிலடித்துக்கொண்டு வேலைக்குப் போனான்.

சாயங்காலம் வந்து பார்த்தால் தொட்டி மொட்டை. இந்த முறை காம்பும் இல்லை, வேரும் இல்லை. மண் வளையத்தைக்கூடக் காணோம்.

"லுசிநேயா! வளையத்தையும் முழுங்கிடுச்சுங்கடி!" என்று மனைவியிடம் அலறினான்.

"அதுங்களுக்கு ஜீரணமாகும். என்னாலதான் உங்களை ஜீரணிக்க முடியலை" என்று சொல்லிவிட்டு அவள் துணி மடித்தாள்.

மறுநாள் கீரையைக் கூட்டினான். செடியையும் கூட்டினான். சாயங்காலம் அதே கதை. கடைக்காரரோ, "கூட்டமா இருக்கற மீன். பயத்துல தின்னும். இன்னும் ஆறு சேத்துவிடுங்க, தைரியம் வந்துடும்" என்றார். பதினான்கு வாய்க்குக் கீரை பறித்ததில் ஜாம்பு பாத்தி வழுக்கையானது. செடிகள் மட்டும் வளையத்தோடு மாயமாகிக்கொண்டே இருந்தன.

"பாத்தியில பூச்சி விழுந்திருக்கு மாப்பிள்ளை" என்றாள் தோனா ஜுராசி.

அடெமாருக்கு வியர்த்தது. "நத்தையா இருக்கும் அத்தை. மழைக்காலம் பாருங்க."

"இருக்கட்டும். கடையை மூடவா முடியும்? நான் எப்படியோ சமாளிச்சுக்கறேன்."

என்ன நல்ல மனசு! இவளிடமா திருடினோம் என்று குற்ற உணர்வு அவனை அரித்தது. ஆனாலும் திருடினான்.

சனிக்கிழமை வந்தது. காலையில் நட்ட கடைசிக் கட்டும் மதியத்துக்குள் போய்விட்டது. அடெமார் தொட்டியருகே உட்கார்ந்து அழுதான். பதினான்கு மீனும் ஒரே திசையில் திரும்பி அவனையே பார்த்தன. இந்தப் பார்வைக்காகத்தானே இத்தனையும் செய்தான்? அவற்றை ஒவ்வொன்றாக வாளிக்கு மாற்றினான்.

தெருமுனையில் டக்காக்கா கொதித்துக்கொண்டிருந்தது. பக்கத்து அடுப்பில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. வாளியை மாமியாரின் காலடியில் வைத்தான்.

"நான் தோத்துட்டேன் அத்தை. இதுங்களைத் திருத்த முடியாது."

"நான் அப்பவே சொன்னேனே" என்று தோனா ஜுராசி கத்தியை எடுத்தாள். "தின்னுற புத்தி போகாது."

அந்த நேரம் பார்த்து, தினமும் அங்கேயே சாப்பிடும் பஸ் டிரைவர் டோரிவல் குடுக்கைக்குள் விரலை விட்டு எதையோ எடுத்தார். சட்டையில் துடைத்துவிட்டு வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார்.

"ஜுராசிம்மா, ஒரு வாரமா உங்க கீரையில நாக்கு மரக்கறதே இல்ல, அதைக்கூட விட்டுடறேன். ஆனா இந்த மண் வளையம், இதோட எனக்கு ஏழு சேந்துடுச்சு. ஏதாவது பரிசு உண்டா?"