மூணாம் வயலின்

நான் பார்த்த வயலின்காரர்களிலேயே மிக அழகாக வாசித்தவர் மூணாம் வயலின்தான். அவர் வாசித்து ஒரு சத்தம்கூட யார் காதிலும் விழுந்ததில்லை என்பது வேறு விஷயம்.

புதுக்கோட்டையில் ஆர்க்கெஸ்ட்ரா என்று சொன்னால் கல்யாண ரிசப்ஷனில் சினிமாப் பாட்டுப் பாடுகிற கோஷ்டியைத்தான் நினைப்பார்கள். "மைக்செட்டும் நீங்களே கொண்டாந்துருவீங்களா?" என்று கேட்பார்கள். இது அந்தக் கோஷ்டி இல்லை. வாரம் முழுக்க வேறு பிழைப்பைப் பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு பள்ளிக்கூட ஹாலில் கூடி, காசு வாங்காமல், நொட்டேஷன் தாளைப் பார்த்து வாசிக்கிற கூட்டம். புல்லாங்குழல் ஒரு நர்ஸ். கிளாரினெட் ஒரு காலேஜ் லெக்சரர். செல்லோ வாசிப்பவர் மருந்துக்கடை வைத்திருக்கிறார். முன்னால் நின்று கையசைத்து நடத்துகிறவரை எல்லோரும் மாஸ்டர் என்போம். ஆவூர்ப் பக்கம் ஒரு மாதா கோயிலில் ஆர்கன் வாசிப்பவர். அவருக்குக் கோபம் வராது, வியர்வைதான் வரும்.

மூணாம் வயலின் இந்தக் கூட்டத்துக்குச் சேரோடு வந்தவர். சேர், சாமியானா, சமையல் பாத்திரம் வாடகைக்கு விடுகிற கடை அவருடையது. ஹாலில் பெஞ்சுகள் மட்டுமே இருந்ததால் சேர் கேட்டிருந்தார்கள். டாட்டா ஏஸில் கொண்டுவந்து இறக்கியவர் போகவில்லை. கடைசிச் சேரில் உட்கார்ந்து ரிகர்சல் முடியும்வரை கேட்டார். அடுத்த வாரம் கையில் புது வயலினோடு வந்து நின்றார்.

மாஸ்டர் பதறிப்போனார். "முதல் வயலின், ரெண்டாம் வயலின்னு ரெண்டு வரிசைதாங்க. ரெண்டுலயும் ஆள் இருக்கு."

"அதுக்கென்னங்க மாஸ்டர், மூணாவதுல போட்டுக்கங்க."

"மூணாவதுன்னு ஒண்ணு உலகத்துலயே கெடையாதுங்க."

"சேர் எக்ஸ்ட்ரா கெடக்குல்ல?"

சேருக்கு அவர் வாடகை வாங்குவதில்லை. மாஸ்டர் கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தார். உலகத்தில் இல்லாத மூணாம் வயலின் அப்படித்தான் புதுக்கோட்டையில் உண்டானது. அதற்கென்று தனியாக நொட்டேஷன் கிடையாதே, அதனால் முதல் வயலின் தாளையே ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தார்கள்.

அவர் வயலினைப் பெட்டியோடு பிரியாணி அண்டாவுக்குள் வைத்து மூடித்தான் வண்டியில் கொண்டுவருவார். வெயில் படக்கூடாதாம். ஒருமுறை அவசரத்தில் அந்த அண்டா கீரனூரில் ஒரு வளைகாப்புக்குப் போய்விட்டது. சமையல்காரர் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு போன் போட்டார். "அண்ணே, இதை வேகவைக்கணுமா, வறுக்கணுமா?"

உட்கார்ந்தால் கம்பீரம். கழுத்து சாயும், கண் செருகும், வில் தோள்வரை ஏறி இடுப்புவரை இறங்கும். கம்பியில் மட்டும் படாது. தவறிப்போய்ப் பட்டாலும் சத்தம் வராது. வில்லின் முடியில் ரோசின் என்கிற பிசின் கட்டியைத் தேய்த்தால்தான் கம்பியைப் பிடித்து இழுக்கும். அவர் தேய்த்ததே இல்லை. ரோசின் கட்டி கண்ணாடித்தாள் பிரிக்காமல் பெட்டியில் இருந்தது. "ஒரு சேஃப்டிக்குத்தான் தங்கச்சி" என்று என்னிடம் ஒருநாள் சொன்னார்.

சும்மா இருந்திருந்தால் பரவாயில்லை. அவர் ஒரு கொள்கையும் வைத்திருந்தார். "வாசிக்கிறப்ப எடம் தவறிப்போச்சா, நிறுத்தாதீங்க. முழிக்காதீங்க. வில்லை மட்டும் கம்பியில படாம ஆட்டிக்கிட்டே இருங்க. பக்கத்தாளு எங்க போறான்னு பாத்துட்டு ஏறிக்கங்க. ஓடுற பஸ்ஸுல ஏர்ற மாதிரிதான்." இதைக் கேட்டு முதலில் சிரித்தார்கள். பிறகு ஒவ்வொருவராகக் கடைப்பிடித்தார்கள். நர்ஸ் ஊதாமல் உதட்டைக் குவிக்கப் பழகினார். லெக்சரர் கன்னத்தை மட்டும் உப்ப வைத்தார். கடினமான இடங்களில் சத்தம் குறைந்துகொண்டே வந்தது. மாஸ்டர் மகிழ்ந்துபோனார். "மெதுவா வாசிக்க வேண்டிய எடத்துல இப்பத்தான் மெதுவா வாசிக்கிறீங்க" என்று பாராட்டினார்.

ஒரு விழாவில் வாசித்து முடித்ததும், சிறப்பு விருந்தினர் மேடையேறி நேராக மூணாம் வயலினிடம் போய்ச் சால்வை போட்டார். "எத்தனையோ பேரு வாசிச்சாலும் இவரு வாசிப்பு தனியாத் தெரிஞ்சுச்சு" என்று மைக்கில் சொன்னார். மூணாம் வயலின் கைகூப்பி ஏற்றுக்கொண்டார். முதல் வயலினில் இருப்பவர் அன்று யாரோடும் பேசாமல் வீட்டுக்குப் போனார்.

இந்த மனிதருக்குப் பக்கத்துச் சேரில்தான் என் மகள் ஜெனி போய் உட்கார்ந்தாள்.

அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒன்பதாவது படிக்கும்போது பள்ளி ஆண்டு விழாவில் இறைவணக்கம் பாட எழுந்தவளுக்குக் குரல் வரவில்லை. கூட்டம் சிரித்துவிட்டது. அதோடு வெளியில் பேசுவதை விட்டுவிட்டாள். வீட்டில் பேசுவாள், சண்டை போடுவாள். வாசலைத் தாண்டினால் தலையாட்டல்தான். கடைக்காரரிடம் பொருளை விரலால் காட்டுவாள். ஒருநாள் டியூஷன் முடிந்து பஸ்ஸில் வந்தவள், "இறங்கணும்" என்று சொல்ல வாய் வராமல், எங்கள் ஸ்டாப்பைத் தாண்டிப் போய்விட்டாள். "அம்மா, நார்த்தாமலை விலக்குல நிக்கிறேன்" என்று மெசேஜ் வந்தது. இருட்டுகிற நேரம். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனேன். ரோட்டோரம் புத்தகப் பையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு திரும்பி வந்தேன். இப்போது பிளஸ் டூ. பிராக்டிக்கலில் வெளியிலிருந்து வருகிறவர் கேள்வி கேட்பார். "தலையாட்டுனா மார்க் போடமாட்டாங்க மேடம்" என்று அவள் டீச்சர் என்னைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். மார்க் போனால் போகட்டும். இந்தப் பெண் இப்படியே வாயை மூடிக்கொண்டு எத்தனை ஸ்டாப் தாண்டிப் போவாள் என்பதுதான் எனக்குக் கவலை.

என் வீட்டுக்காரர் சிங்கப்பூரில் இருக்கிறார். அங்கிருந்து போனில், "எல்லாம் சரியாப் போயிரும், வயலின் கத்துக்கிட்டிருக்காள்ல" என்பார். தூரத்தில் இருப்பவர்களுக்கு எல்லாம் சரியாகிவிடும்.

அவள் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு நன்றாகவே வாசிப்பாள். அதனால்தான் ஆர்க்கெஸ்ட்ராவில் சேர்த்தேன். முதல் நாள் ஹாலுக்குள் நுழைந்தவள் எல்லா வரிசையையும் பார்த்துவிட்டு மூணாம் வயலினுக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"வா ஆத்தா, இங்கிட்டு ஒக்காரு" என்றார் அவர். "இங்க ஒனக்கு ஒரு தொந்தரவும் இல்லை. ஒருத்தரும் நம்மளக் கேக்கமாட்டாக."

அவள் சிரித்தாள். அன்றிலிருந்து ஞாயிறுதோறும் பின்வரிசையில் உட்கார்ந்து அவள் வில்லையே பார்ப்பேன். அவருடையதும் அவளுடையதும் ஒன்றாக ஏறும், ஒன்றாக இறங்கும். படுகிறதா, படவில்லையா? அத்தனை சத்தத்தில் எப்படித் தெரியும்? வீட்டுக்கு வந்ததும் அவள் குளிக்கப் போகும் நேரம் பெட்டியைத் திறந்து ரோசின் கட்டி தேய்ந்திருக்கிறதா என்று பார்ப்பேன். வீட்டில் வாசித்துத் தேய்ந்ததா, அங்கே வாசித்துத் தேய்ந்ததா என்று அதுவும் சொல்லாது.

ஒருநாள் பொறுக்கமுடியாமல், சேர் அடுக்கிக்கொண்டிருந்தவரிடம் கேட்டேன். "அண்ணே, எம் மக வாசிக்கிறாளா, உங்க மாதிரி ஆட்டுறாளா?"

"ஆட்டுறா தங்கச்சி. நல்லாவே ஆட்டுறா."

"அவளே வாயத் தொறக்கமாட்டேங்கிறா. நீங்க வயலினையும் ஊமையாக்கி வெச்சிருக்கீங்க."

அவர் கையிலிருந்த சேரைக் கீழே வைத்தார். "கூட்டத்துக்கு நடுவுல வந்து ஒக்காருது பாருங்க. மொதல்ல அது பழகட்டும். சத்தம் அப்பறமா வரும்."

"உங்களுக்கு இத்தனை வருஷமா வரலையே."

"நான் வேற கேஸு" என்றார்.

சிரிப்பு வந்திருக்க வேண்டும். அன்று ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

போன கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் குன்றாண்டார்கோவிலில் ஒரு பள்ளி விழாவில் வாசிக்கக் கூப்பிட்டிருந்தார்கள். திறந்தவெளி மேடை. ஜெனி காலையிலிருந்து சாப்பிடவில்லை, நானும்தான். முன்வரிசையில் உட்கார்ந்து போனைத் தூக்கிப் பிடித்தேன். வீடியோ காலில் என் வீட்டுக்காரர், பின்னால் அவர் ரூம் நண்பர்கள்.

தொடக்கம் நன்றாகத்தான் இருந்தது. நடுவில் மாஸ்டருக்கு வியர்த்தது. கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தவர், அவசரத்தில் இரண்டு தாளைச் சேர்த்துப் புரட்டிவிட்டார். அவர் கை ஒரு இடத்துக்குப் போனது, வாசிக்கிறவர்கள் வேறு இடத்தில் இருந்தார்கள். முதலில் கிளாரினெட் இடம் தவறியது. லெக்சரர் கன்னத்தை உப்ப வைத்துக்கொண்டு செல்லோவைப் பார்த்தார். செல்லோ வில்லைக் கம்பியிலிருந்து தூக்கிவிட்டு முதல் வயலினைப் பார்த்தது. முதல் வயலின் நர்ஸைப் பார்த்தது. நர்ஸ் ஏற்கனவே உதட்டை மட்டும் குவித்திருந்தார். எல்லோரும் பக்கத்தாள் எங்கே போகிறான் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். பஸ் ஓடினால்தானே ஏறுவதற்கு.

மேடை முழுக்க வில்கள் ஏறி இறங்கின. விரல்கள் ஓடின. மாஸ்டர் கைகளை வீசினார். சத்தம் என்று ஒன்று இல்லை.

என் கையிலிருந்து என் வீட்டுக்காரர் குரல், ஸ்பீக்கரில், மைதானம் முழுக்கக் கேட்டது. "ரீட்டா, சத்தம் வரலையே. மியூட்ல போட்டுட்டியா?"

யாரோ சிரித்தார்கள். நான் போனை அமுக்கினேன், எதை அமுக்கினேனோ, சத்தம் இன்னும் கூடியது. "எல்லாரும் வாசிக்கிறாங்க, ஒண்ணும் கேக்கல. மியூட்ட எடு ரீட்டா." இப்போது பின்வரிசைகளும் சிரித்தன. அதே சிரிப்பு. ஆண்டு விழாவில் கேட்ட அதே சிரிப்பு. ஜெனியைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. மேடையில் ஏறி அவளைக் கூட்டிக்கொண்டு ஓடிவிட எழுந்தே விட்டேன்.

அப்போது ஒரு சத்தம் வந்தது. மெல்லிசாக, கொஞ்சம் நடுங்கி, ஆனால் நேராக. மூணாம் வயலின் பக்கமிருந்து. இரண்டு வில்களும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கிக்கொண்டிருந்தன. சத்தம் ஒன்று. எது என்று எனக்குத் தெரியவில்லை. என் கண் இரண்டுக்கும் நடுவில் அல்லாடியது.

மூணாம் வயலின் வில்லை இறக்கினார். வயலினையும் தோளிலிருந்து எடுத்து மடியில் வைத்தார். கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் திரும்பி ஜெனியைப் பார்த்தார்.

சத்தம் நிற்கவில்லை.

அவள் கையில் இருந்தது முதல் வயலின் தாளின் ஜெராக்ஸ்தானே. பாட்டின் முழு மெட்டும் அதில் இருந்தது. அவள் நடுங்கிக்கொண்டே போக, முதலில் செல்லோ ஏறியது, பிறகு புல்லாங்குழல், பிறகு மற்றவர்கள். மாஸ்டர்கூட இடத்தைக் கண்டுபிடித்துவிட்டார்.

"ஆங், இப்பக் கேக்குது" என்றார் என் வீட்டுக்காரர். "யாரு ரீட்டா வாசிக்கிறது?"

சொல்ல வாயைத் திறந்தேன். எனக்கு வரவில்லை. போனை மேடையை நோக்கி இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தேன், அவ்வளவுதான்.

முடிந்ததும் மூணாம் வயலினைத் தேடிப் போனேன். அவர் சேர் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, எதுக்கு வில்லை எறக்குனீங்க?"

"கை வலிச்சுச்சு தங்கச்சி. கொஞ்சம் அங்கிட்டு நகருங்க, சேரை எடுக்கணும்."

பிராக்டிக்கல் இன்னும் வரவில்லை. வெளியிலிருந்து வருகிறவர் கேட்டால் ஜெனி பதில் சொல்வாளா என்று எனக்குத் தெரியாது. அன்றைக்கு மைதானத்தில் எழுந்து நின்ற அந்த நிமிஷம் இன்னும் என் கனவில் வருகிறது. விழித்ததும் அவள் அறைக் கதவருகே போய் நின்றுவிட்டு வருகிறேன். ஆனால் போன வாரம் பஸ்ஸில், "அண்ணே, எறங்கணும்" என்று அவள் சொன்னதாக அவளே சொன்னாள். சன்னமாகத்தான் சொன்னாளாம். கண்டக்டருக்குக் கேட்டிருக்கிறது.

மாஸ்டர் அவளை முதல் வயலின் வரிசைக்கு மாற்றிவிட்டார். மூணாம் வயலினுக்குப் பக்கத்துச் சேர் காலியானது. முதல் இரண்டு ஞாயிறு அவர் தனியாக உட்கார்ந்து ஆட்டிக்கொண்டிருந்ததைப் பின்வரிசையிலிருந்து பார்த்தேன். மூன்றாவது ஞாயிறு எழுந்து போய் அந்தச் சேரில் உட்கார்ந்துவிட்டேன்.

"தாளைப் புரட்டிவிட ஒரு ஆளு வேணும்னுதான் நானும் நெனச்சேன்" என்றார்.

எங்கே புரட்டுவது என்று எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது. முதல் வரிசையிலிருந்து ஜெனி லேசாகத் திரும்பிப் பார்ப்பாள். நான் புரட்டிவிடுவேன். அவர் கண்ணைச் செருகிக்கொண்டு, ஒரு சத்தமும் இல்லாமல், அவ்வளவு அழகாக வாசிப்பார்.