உப்பும் ஈரமும் கழித்த எடை

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தெட்டாம் வருஷம், குழந்தைகளின் எடைக்குப் பெற்றோரே பொறுப்பு என்று சர்க்கார் கண்டுபிடித்தது. எட்டு வயதுக் குழந்தை ஐம்பது ராத்தல் இருக்க வேண்டும். குறைந்தால் பெற்றோர் கவனக்குறைவானவர்கள். ஒரு மாதத்தில் தேறாவிட்டால் பள்ளிக்கூடத்திலிருந்து பெயர் நீக்கப்படும். இப்படி ஒரு சுற்றறிக்கை ஆம்பூருக்குக் கிழக்கே ஒரு சிற்றூருக்கு வந்து சேர்ந்தது. ஊர்ப் பெயர் வேண்டாம். அங்கே எல்லோரும் ரோஷக்காரர்கள்.

ஆளைத் தாங்கும் தராசு அந்த ஊரில் தோல் மண்டியில் மட்டும்தான் இருந்தது. அதில் நிறுப்பவர் ஷபீ அஹமது. இருபது வருஷத்தில் அவர் பொய் எடை போட்டதில்லை என்று பகையாளிகூடச் சொல்வான்.

அவருக்கு ஒரே மகள் ஃபரீதா, எட்டு வயது. போன வருஷம்வரை பூசணிக்காய்தான். நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும். மற்றப் பெண்கள் பாண்டி ஆடினால் இவள் சில்லைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்திருப்பாள். வேலூர் டாக்டரம்மா, "பட்டினி போடாதீங்க, திட்டாதீங்க. அவ சாப்பிடறதையே வீட்ல எல்லாரும் சாப்பிடுங்க. அவகூட நடங்க" என்றார். அன்றிலிருந்து பாகு சொட்டும் மக்கன் பேடா வெள்ளிக்கிழமைக்கு மட்டும் என்றானது. மகளைவிட ஷபீ அஹமதுதான் ஏங்கிப்போனார். விடிந்ததும் அவரும் மனைவி வஜீதாவும் மகளோடு பாலாற்று மணலில் நடந்தார்கள். ஒரு வருஷத்தில் ஃபரீதா நடப்பதை விட்டு ஓட ஆரம்பித்தாள். இப்போது மூச்சு வாங்கியது அப்பாவுக்கு. அந்தச் சந்தோஷத்தை அவர் வெளியே சொல்லவில்லை, கண் பட்டுவிடும்.

எடை பார்க்கும் நாளும் வந்தது. சானிட்டரி இன்ஸ்பெக்டர் கோதண்டராமன் பெரிய நோட்டோடு உட்கார்ந்தார்.

"சார், தோலுக்குன்னா உப்புக்கும் ஈரத்துக்கும் பத்துக்கு ஒண்ணு கழிப்போம். இதுங்களுக்கு இன்னா பண்றது?" என்று ஷபீ அஹமது கேட்டார்.

இன்ஸ்பெக்டர் யோசித்தார். அதற்குத்தானே சம்பளம்!

"குழந்தை உடம்புல உப்பு இருக்கா இல்லியா?"

"இருக்கு சார்."

"ஈரம்?"

"மூக்கைப் பாருங்க சார்."

"அப்ப கழிங்க."

கழித்தார்கள். ஃபரீதா சரியாக ஐம்பது ராத்தல் நின்றாள். நேர்மையான தகப்பன் ஐந்தைக் கழித்து "நாப்பத்தஞ்சு!" என்று தம் வாயாலேயே கூவினார். கூவிய பிறகுதான் தம் மகள் என்பது உறைத்தது. அன்று மாலைக்குள் ஊரில் இருந்த பெற்றோர் அத்தனை பேரும் கவனக்குறைவானவர்கள் ஆனார்கள்.

ஊர் வரிந்துகட்டிக்கொண்டு இறங்கியது. நெய்யும் அல்வாவும் பிள்ளைகள் வாயில் பொழிந்தன. சீமைச் சத்துமாவு டின் வைத்திருப்பது கௌரவமாயிற்று. காலி டின்னைக்கூட வாசலில் தெரியும்படி வைத்தார்கள். ஓடினால் எடை கரையும் என்று பிள்ளைகளை அசைய விடவில்லை. தோல் வியாபாரிகளுக்கு மற்றதைச் சொல்லித் தரவா வேண்டும்? மறு எடை நாளன்று ஆளுக்கு ஒரு செம்புத் தண்ணீர் குடிக்க வைத்து, பையில் கல்லுப்பும் போட்டுக் கூட்டிவந்தார்கள். எல்லோரும் தேறினார்கள். ஃபரீதா மட்டும் நாற்பத்தைந்திலேயே நின்றாள்.

"சார், கழிச்சதே தப்பு. அவ நல்லா இருக்கா. ஓடறா சார்!"

"ஓடறதுக்கு நோட்டுல கட்டம் இருக்கா?"

"இல்ல சார்."

"இல்லாத கட்டத்துல எப்படிய்யா எழுதறது? அறிக்கை மெட்ராஸ் போய்டுச்சி. இனிமே குழந்தைதான் அறிக்கைக்குத் தக்கபடி இருக்கணும்."

பெயர் நீக்கப்பட்டது. ஃபரீதா சிலேட்டை மடியில் வைத்துக்கொண்டு, "நெறய சாப்ட்டா சேத்துக்குவாங்களாப்பா?" என்று கேட்டாள். வஜீதா பேடா எடுக்கப் போனாள், அவர் தடுத்துவிட்டார். வீம்பு இல்லை. அவள் மறுபடி நாலு படிக்கு மூச்சு வாங்குவதைப் பார்க்க அவருக்குத் தெம்பில்லை.

அடுத்த மாதம் மெட்ராஸிலிருந்து பெரிய அதிகாரி வந்தார். நூற்றுக்கு நூறு தேறிய பள்ளிக்கூடத்தைப் பார்த்துப் பூரித்துப்போய், "எங்கே, ஓட்டப்பந்தயம் நடக்கட்டும்!" என்றார். இருபது கஜத்துக்குள் பிள்ளைகள் ஒவ்வொன்றாக உட்கார்ந்துவிட்டன. கோதண்டராமன் மண்டிக்கு ஓடினார். அவரும் வழியில் இரண்டு இடத்தில் உட்கார்ந்து எழுந்துதான் வந்தார்.

"ஷபீ பாய், பொண்ணை ஒரு அரைமணி அனுப்புங்க!"

"அவ பேரு நோட்டுல இல்லியே சார்."

"எழுதிக்கிறேன்."

"பென்சில்லயா, மையிலயா?"

"மையிலதான்யா!"

ஃபரீதா ஓடினாள். மைதானத்தை மூன்று சுற்றுச் சுற்றி, நிறுத்தச் சொன்னது காதில் விழாமல் நாலாவதும் சுற்றினாள். ஷபீ அஹமது வெட்கமில்லாமல் எல்லோர் முன்னாலும் அழுதார்.

"இந்தக் குழந்தைக்கு என்ன கொடுக்கிறீர்?" என்று அதிகாரி கேட்டார்.

"ஜாஸ்தியா ஒண்ணும் இல்ல சார். நாங்களும் அவகூட நடக்கிறோம், அவ்ளோதான்."

இவ்வளவு எளிய விஷயத்தைச் சர்க்கார் சும்மா விடுமா? பதினைந்தாம் நாள் புதிய சுற்றறிக்கை வந்தது. பெற்றோர் தினந்தோறும் காலையில் குழந்தையோடு பாலாற்றங்கரைக்குச் சென்று, அங்குள்ள நோட்டில் கையெழுத்திட வேண்டியது. எப்படிச் செல்வது என்று அதில் சொல்லவில்லை.

ஊரார் சட்டத்துக்கு அடங்கியவர்கள். விடிந்ததும் ஜட்காக்கள் வரிசை கட்டின. தகப்பன், தாய், நடுவில் பிள்ளை, மடியில் பேடா டப்பா. கையெழுத்துப் போட்டுவிட்டு அதே வண்டியில் திரும்பினார்கள்.

ஆறு மாதத்தில் நல்ல பலன் தெரிந்தது. ஊரில் இருந்த ஜட்காக் குதிரைகள் எல்லாம் இளைத்துவிட்டன. வண்டிக்கார சர்தார் பாஷாவுக்கு, குதிரையின் எடை விஷயத்தில் கவனக்குறைவு என்று நோட்டீஸ் வந்தது. படிக்கத் தெரியாத மனிதர், வண்டியில் ஏறியிருந்த குடும்பத்திடம் அதை நீட்டினார். அவர்கள் பேடாவை மென்றுகொண்டே படித்துச் சொல்லிவிட்டு, "வாயில்லாப் பிராணி பாய், நீங்க கொஞ்சம் பொறுப்பா பாத்துக்கக் கூடாதா?" என்று அவரைக் கடிந்துகொண்டார்கள்.