கிழட்டு நரியும் கஜிதானியின் பொய்யும்

திரையில் கிழட்டு நரி பனியில் படுத்தது. அப்புறம் எழுந்திருக்கவே இல்லை. கஜிதானி பக்கத்து இருக்கையைத் திரும்பிப் பார்த்தான். இந்தக் கார்ட்டூன் படம்தான் வேண்டும் என்று ஆறு வயது மகள் ஹினாயோ பிடித்த பிடிவாதத்தில், போஸ்டரில் பூக்களுக்கு நடுவே சிரித்த நரியை நம்பி, ஜப்பானின் செண்டாய் நகரில் அந்த அரங்குக்கு வந்துவிட்டான்.

வீட்டு நாய் கோந்தா செத்து இரண்டு மாதம். குழந்தை தாங்கமாட்டாள் என்று, "கோந்தாவுக்கு வயசாயிடுச்சில்ல, மலையில வெந்நீர் ஊற்றுல ஓய்வெடுக்குது" என்று சொல்லிவைத்திருந்தான். அந்தப் பொய் இப்போது அம்பலமாகப் போகிறது!

"நரி தூங்குதுடா கண்ணு."

"உஷ்! இங்க பேசக் கூடாதுப்பா."

தொப்பியைக் கழற்றி அவள் கண்களை மறைத்தான். அவள் தட்டிவிட்டாள். பாப்கார்ன் முன்வரிசைப் பெண்மணியின் தலையில் கொட்டியது. எழுந்து குனிந்து மன்னிப்புக் கேட்டதில் பின்வரிசைக்குத் திரை மறைந்தது. திரும்பி அவர்களுக்கும் குனிந்தான்.

"வெளிய ஒண்ணுக்குப் போயிட்டு வரலாமா?"

"நீ வேணா போயிட்டு வாப்பா."

ஆனது ஆகட்டும் என்று திரையைப் பார்த்தான். குட்டி நரி, அசையாத அந்தக் காதை நக்கிக்கொண்டே இருந்தது. அடேயப்பா! வெறும் கோடும் சாயமும்தானே? அதற்குள் இத்தனை உயிரை யார் கொண்டுபோய் வைத்தார்கள்? அரங்கில் நூறு குழந்தைகள். ஒரு சிணுங்கல் இல்லை. பெரியவர்கள் வாயெடுத்துப் பேசப் பயப்படும் சாவை, அத்தனை பேரும் வாய்பிளந்து நேருக்கு நேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவனுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. கோந்தாவின் கடைசி மூச்சு அவன் மடியில்தான் போனது.

இரண்டு மாத அழுகை பொத்துக்கொண்டு வந்தது. படம் முடிந்தும் ஓட வழியில்லை. பெயர்கள் கடைசிவரை ஓடி, விளக்கு எரியும்வரை இந்த ஊரில் யாரும் இடத்தைவிட்டு அசையமாட்டார்கள். அந்த அமைதியில் அவன் மூக்குறிஞ்சும் சத்தம் மட்டும்தான். ஹினாயோ கைக்குட்டையை நீட்டி, அவன் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

வெளியே வந்ததும், "இப்பத்தான்ப்பா வருது!" என்று அவள் கழிப்பறைக்கு ஓடினாள்.

வாசலில் குப்பைக்கூடையோடு நின்ற பணிப்பெண் அவன் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"பாப்பாவோட அப்பாவா நீங்க? போன வாரம் அத்தைகூட இந்தப் படத்துக்கு வந்தப்பவே எங்கிட்ட கேட்டுச்சு: 'எங்க நாய் செத்துப்போனது எங்கப்பாவுக்குத் தெரியாது, பாவம், வெந்நீர் ஊற்றுல இருக்குன்னே நம்பிட்டிருக்காரு. அவரைக் கூட்டிட்டு வந்தா, தாங்குவாரா?'"