தோள் வரைக்கும் பயிற்சி

திரையில் தலையை மட்டும் காட்டிவிட்டு, உடம்பு முழுக்கப் பயிற்சி செய்ததாகச் சாதிக்கும் ஓர் இனம் உண்டு. வீடியோ அழைப்பு வந்த பிறகு பெருகிய இனம். நீங்களும் பார்த்திருப்பீர்கள், தோள் வரைக்கும்.

நம் டிரில் மாஸ்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். வேலையில் இருந்த காலமெல்லாம், வயிற்றுவலி என்று வந்து நின்ற பையனை "யார்கிட்ட?" என்று மைதானத்தைச் சுற்றவிட்டவர். ஓய்வுக்குப் பின் பார்க்கின்சன் வந்தது. கையில் நடுக்கம், காலில் தயக்கம், நாற்காலியை விட்டு எழ மனைவியின் தோள். வீட்டிலிருந்தே பயிற்சி செய்யட்டும் என்று ஆஸ்பத்திரி ஒரு பிசியோதெரபிப் பெண்ணைக் கைபேசி வழியாக அனுப்பிவைத்தது. மாஸ்டரா மசிவார்? கைபேசியை மார்பு உயரத்துக்குச் சாய்த்து வைத்து, உட்கார்ந்தபடியே தோளை மட்டும் ஏற்றி இறக்கி, புஸ்புஸ்ஸென்று மூச்சு வாங்கி, வராத வியர்வையைத் துண்டால் ஒற்றிக்கொள்வார்.

"முழங்கால் நல்லா மேல வருதா சார்?"

"இடுப்பு வரைக்கும் வருதும்மா!"

வந்தது வார்த்தைதான்.

கையை ஊன்றாமல் எழுந்து நிற்கும் பயிற்சி என்றால் மட்டும் வேறு வித்தை. வாயைப் பாதி திறந்தபடி, கண் இமைக்காமல் சிலையாகிவிடுவார். நெட் போய்விட்டதாம்! அந்தப் பெண்ணும் "சார்... சார்..." என்று கூப்பிட்டு ஓய்ந்துபோவாள்.

அன்றைக்கு, துண்டோடு நெஞ்சில் கிடந்த கை திரைக்குள் மாட்டிக்கொண்டது. மாஸ்டர் சிலையானார், கை ஆகவில்லை. சும்மா கிடக்கிற கையில்தான் அந்த நடுக்கம் கூடுதலாக ஆடும்.

"நெட் போச்சுன்னா கை மட்டும் எப்படி சார் ஆடுது?"

பின்னால் மனைவி சிரித்துவிட்டாள். மாஸ்டருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"என்ன சிரிப்பு வேண்டிக்கிடக்கு? வந்து தூக்கு!"

"முடியலைங்க. உங்களைத் தூக்கித் தூக்கி என் இடுப்பே விட்டுப்போச்சு. காலையில பாத்ரூம்ல குனிஞ்சவ நிமிர முடியாம சுவத்தைப் பிடிச்சிட்டு நின்னேன். உங்களைக் கூப்பிடலை. கூப்பிட்டு என்ன, நீங்க எழுந்திருக்கவே நான்தானே வரணும்?"

அவளுக்கு வலி என்பதே மாஸ்டருக்குத் தெரியாது. வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. நாற்காலி விளிம்புக்கு நகர்ந்தார். பாதங்களைப் பின்னுக்கு இழுத்தார். எழுந்தார், பொத்தென்று நாற்காலியிலேயே விழுந்தார்.

"இன்னும் முன்னால சாயுங்க சார். மூக்கு கால்விரலைத் தாண்டட்டும்."

மறுபடி விழுந்தார். அடுத்த தரம் திரையிலிருந்து தலை மேலேறி மறைந்தது, தோள் மறைந்தது, சட்டையின் கடைசிப் பொத்தான் வந்து நின்றது. தலை இல்லாத மாஸ்டரைப் பார்த்து அந்தப் பெண் கைதட்டினாள்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். மாஸ்டருக்காவது நோய் இருக்கிறது, உங்களுக்கு என்ன கேடு? டாக்டர் சொன்ன நடையை நாளைக்குத் தள்ளிவிட்டு, உட்கார்ந்த இடத்திலிருந்தே "கொஞ்சம் தண்ணி கொண்டா" என்று குரல் கொடுக்கிற ஆளா நீங்கள்? அப்படியானால், கொண்டு வருகிறவர் எதைப் பிடித்துக்கொண்டு வருகிறார் என்று ஒரு தரம் திரும்பிப் பாருங்கள்.