பகவதியப்பன் போட்ட பெயர்ச் சட்டம்

சுசீந்திரத்தில் நான் நடத்தும் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் 'ஹி' என்று சொல்லி எவனும் தப்பிக்க முடியாது. விபினும் சுதனும் வரும் வாக்கியத்தில் 'ஹி' அழுதால், அழுதது யார் என்று பெயர் சொல்லும்வரை உட்கார விடமாட்டேன்.

என் ஜம்பம் பலிக்காத ஒரே இடம் என் வீடு. அன்று என் மனைவி தாணம்மாள் அடுக்களையில் போனோடு கிசுகிசுத்துக்கொண்டிருந்தாள்.

"நீ வந்து எறங்கிரு. அவ்வோட்ட இப்பம் சொல்லாண்டாம். ஏசி ரூமு ஒனக்குத்தான்."

'அவ்வோ' என்றால் எங்கள் ஊரில் 'அவர்'; பெண்கள் புருஷனையும் அப்படித்தான் சொல்வார்கள். ஏசி ரூம் என்னுடையது! சந்தேகம் முட்டிக்கொண்டு வந்தது. துபாயில் இருக்கும் அவள் தம்பி கிருஷ்ணமணியாகத்தான் இருக்கும். போன லீவுக்கு வந்தவன் அந்த அறையை விட்டு எழும்பவே இல்லை. நான் ஹாலில் கொசுக்கடியில் கிடந்தேன்.

"யாரு வாறா?"

"அவன்தான்."

"எவன்? யாருட்ட சொல்லாண்டாம்?"

"அவ்வோட்ட."

"நிறுத்துட்டி! இனி இந்த வீட்டுல அவன், அவ்வோ ஒண்ணும் கெடையாது. பேரச் சொல்லித் தெளிவாப் பேசணும்."

"கெட்டினவருக்க பேரையுமா?"

"எல்லாப் பேரையும்தான்!"

கல்யாணமான நாள் முதல் என் பெயர் அவள் வாயில் வந்ததே இல்லை. இனியும் வராது. அப்படியானால் என்னைப் பற்றி யாரிடமும் சதி பேச முடியாதல்லவா? என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன். அவள் லேசாகச் சிரித்தாள். அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

மறுநாள் காலை மீன்கார குளோரியின் ஸ்கூட்டர் வாசலில் நின்றது. தெருப் பெண்கள் எல்லோரும் கூடியிருந்தார்கள். என் வகுப்பில் படிக்கும் அபிதாவும் நின்றாள்.

"அக்கா, சாளை வேண்டாமா?"

"வேண்டாம் குளோரி. பகவதியப்பனுக்கு வாயு."

குளோரி கையிலிருந்த மீன் நழுவியது. "யாருக்கு?"

"பகவதியப்பனுக்கு! ராத்திரி முழுக்க வயித்தப் பிடிச்சிட்டு உருண்டது பகவதியப்பன். பல்செட்டக் காணோம்னு பகவதியப்பன் கெடந்து அழுகியாரு. பகவதியப்பன் கரப்பானக் கண்டா கட்டில்ல ஏறிருவாரு..."

அபிதா வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கு உயிரே போய்விட்டது. மனைவியை உள்ளே இழுத்தேன்.

"தாயே, சட்டம் வாபஸ்! அவ்வோன்னே சொல்லு."

"அதெப்படி? சாயங்காலம் கோயிலுக்குப் போணும். அங்கயும் தெளிவாப் பேசாண்டாமா?"

"ஒனக்கு என்னதான் வேணும்?"

"ஏசி ரூமு."

கொடுத்துவிட்டேன்.

"அப்பம் தெருமுக்குக்குப் போயிட்டு வாங்க. கிருஷ்ணமணி காலைலயே ஆட்டோல வந்து காத்துக் கெடக்கியான். பெட்டி தூக்க ஆளு வேணுமாம்."

பெட்டி நல்ல கனம்.